மாமாவின் சவரப்பெட்டி

என் பீரோவின் கீழ்த்தட்டில், இப்போது கட்டாத புடவைகளுக்கு அடியில், ஒரு பிஸ்கட் டப்பா கிடக்கிறது. மூடியில் இருந்த பூப்படம் தேய்ந்து துருவாகிவிட்டது. உள்ளே ஒரு பித்தளைக் கிண்ணம், பிளேடு மாட்டுகிற ரேசர், ஒரு பிரஷ், ஓரம் மழுங்கிய படிகாரக் கட்டி. என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, கப்பல் ஏறப் புறப்பட்ட காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து இதை வைத்துத்தான் முகம் மழித்தார். முடித்ததும் ஒவ்வொன்றாகக் கழுவி, துண்டால் துடைத்து, டப்பாவில் அடுக்கி அக்கா கையில் கொடுத்தார். "பத்திரமா வெச்சிரு. புள்ள பொறந்த அன்னிக்கு இதாலதான் எடுப்பேன்" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். பிரஷ்ஷில் இன்னும் ஈரம் இருந்தது. உள்ளேயே காயட்டும் என்று மூடியை அழுத்திவிட்டாள்.

மாமா கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். லீவு விட்டால் வீட்டில் இருக்க மாட்டார். கச்சிராயபாளையம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து கல்வராயன் மலை ஏறிவிடுவார். மலை ஜனங்கள் அவரைப் பூச்சி சார் என்று கூப்பிடுவார்கள். திரும்பி வரும்போது பை நிறைய பாட்டில்கள், பாட்டில் நிறைய ஜந்துக்கள். தியாகதுருகத்தில் அவர்கள் இருந்த வீட்டு அலமாரியில் ஒரு தட்டில் அக்காவின் ஊறுகாய் ஜாடிகளும் அடுத்த தட்டில் மாமாவின் ஓணான்களும் இருக்கும். விருந்தாளி வந்தால் அக்கா முதலில் அந்த அலமாரிக்குத் திரை போடுவாள். சகுனம், ராகு காலம், சூலம் எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்வார் மனுஷர். எங்கள் அம்மா ஒரு காரியத்துக்கு நேரம் பார்த்தால், வேண்டுமென்றே அதற்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். அப்படிப்பட்டவர்தான் அந்தச் சவரப்பெட்டியை அக்காவிடம் கொடுத்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை நிற்கவில்லை. நின்றதும் தங்கவில்லை. இதற்கிடையில் தென்கடல் பக்கம் ஆராய்ச்சிக்குப் போகும் ஒரு கப்பலில் மாமாவுக்கு இடம் கிடைத்தது. அவர் ஆயுசு முழுக்க கனவு கண்ட விஷயம். போகிற தேதி வந்த பிறகு பார்த்தால் அக்கா முழுகாமல் இருக்கிறாள். மாமா போகவில்லை என்று சொல்லிவிட்டார். அக்காதான் விடவில்லை. "ஏழாம் மாசத்துக்குள்ள வந்துடுவீங்கன்னுதானே சொல்றாங்க? போய்ட்டு வாங்க. அப்புறம் ஆயுசுக்கும் அந்தக் கப்பலையே சொல்லிக்கினு என் உயிர எடுப்பீங்க" என்றாள். அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள். பொண்டாட்டி பிள்ளை சுமக்கும்போது புருஷன் கடல் தாண்டக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, பிணம் தொடக்கூடாது, ஒரு உயிரைக் கொல்லக்கூடாது, குழந்தை பிறக்கிற வரைக்கும் மயிர் எடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். இதில் முதல் சட்டத்தையே மாமா உடைக்கப் போகிறார். அம்மா அழுததைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ, "சரிங்க அத்த, கடல் ஒண்ணுதான் தாண்டறேன். மீதி எல்லாத்தயும் விடாம காப்பாத்தறேன், போதுங்களா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

நான் அப்போது தியாகதுருகம் தபால் ஆபீஸில் கிளார்க். காலையில் உளுந்தூர்பேட்டை பக்கமிருந்து பஸ்ஸில் தபால் பை வரும். அரக்கை உடைத்துப் பையைக் கவிழ்த்து, தேதி முத்திரை குத்திப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. மாமாவின் கடிதம் என் கையில்தான் முதலில் விழும். மேலே அந்நிய ஸ்டாம்ப், கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி அவருடைய கையெழுத்து. கடலில் ஏது தபால் பெட்டி? துறைமுகம் வரும்போது மொத்தமாகப் போடுவார், எங்களுக்குக் கட்டாக வரும். மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுப்பேன். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, சத்தமாகப் படிப்பாள். புரியாத பெயர் வந்தால் "இன்னமோ ஒரு மீனு" என்று தாண்டிவிடுவாள்.

போகும்போது எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே குதூகலம். திமிங்கிலம் மூச்சு விட்டதற்கு ஒரு பக்கம், ராத்திரியில் கடல் வெளிச்சம் விட்டதற்கு ஒரு பக்கம். திரும்பும்போது எழுதியவைதான் என் மனசில் நிற்கின்றன. அதில் ஆள் மாறியிருந்தார். தாடி மார்பைத் தொடப்போகிறது, மாலுமிகள் சாமியார் என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதினார். வலையில் வந்த மீன்களைக் கொன்று பாட்டிலில் போடுவதுதானே அவர் வேலை? அதைச் செய்ய முடியவில்லை என்று எழுதினார். ஒவ்வொன்றையும் தொட்டித் தண்ணீரில் விட்டு, அவசர அவசரமாகப் படம் வரைந்துகொண்டு, திரும்பவும் கடலில் விட்டுவிடுகிறாராம். தலைமை விஞ்ஞானி எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கிறார். "என்னை ஏன் அழைத்து வந்தோம் என்று அவர் கேட்டது நியாயம்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் நாலு பக்கமும் தண்ணீராக இருக்கிற இடத்தில் நின்றுகொண்டு உனக்காகச் செய்வதற்கு என்னிடம் வேறு ஒன்றுமே இல்லை" என்று எழுதியிருந்தார். அக்கா அந்த இடத்தை மறுபடி ஒருமுறை படித்தாள், இந்தத் தடவை மனசுக்குள்.

ஒரு கடிதத்தில் தகைவிலான் குருவி ஒன்றைப் பற்றி எழுதினார். கரையே தெரியாத இடத்தில் களைத்துப்போய்க் கப்பல் கயிற்றில் வந்து உட்கார்ந்ததாம். குளிர்காலத்துக்கு நம் பக்கம் வருகிற ஜாதி, கல்வராயன் மலையில் மின்சாரக் கம்பி மேல் வரிசையாக உட்காருமே அதுதான் என்று அக்காவுக்கு அடையாளம் சொல்லியிருந்தார். "இது எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். பொறாமையாக இருக்கிறது" என்று முதல் பக்கத்தில். அடுத்த பக்கத்தில் அது செத்துவிட்டது. முன்னேயென்றால் தோலை உரித்துப் பஞ்சடைத்து வைத்திருப்பார். இப்போது தொடக்கூடாது என்பதால் சமையற்காரரைக் கூப்பிட்டு எடுத்துப் போடச் சொன்னாராம். இதையெல்லாம் பிள்ளைத்தாய்ச்சிக்கு எழுதுவார்களா! எனக்கு வந்த கோபத்தில் "உன் வூட்டுக்காரருக்குப் புத்தி இருக்குதா?" என்று கேட்டேன். அக்கா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு கடிதத்தை மடித்து வைத்தாள்.

அதன் பிறகு இடி விழுந்த மாதிரி ஒரு சேதி. வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்த கப்பல் திரும்பவும் தெற்கே போகிறது. கடலில் மிதக்கவிட்டு வந்த ஏதோ கருவிகள் சரியாக அளக்கவில்லையாம், போய் எடுத்து மறுபடி போட வேண்டுமாம். மொரீஷியஸில் நின்றபோது எழுதிய அந்தக் கடிதத்தில் எறும்பு எழுத்து இல்லை, கோழி கிளறிய எழுத்து. "கடலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அலை எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது. அறையை விட்டு வெளியே வருவதில்லை. குதித்து நீந்திவிடலாமா என்று கூடத் தோன்றுகிறது, சிரிக்காதே" என்று எழுதியிருந்தார். அக்காவின் கடிதங்கள் அங்கேதான் அவருக்குச் சேர்ந்தாற்போல் கிடைத்திருக்கின்றன. கள்ளக்குறிச்சி டாக்டரம்மா அக்காவைப் பார்த்துவிட்டு, பிரஷர் ஜாஸ்தி, கால் வீக்கம் நல்லதில்லை, பிரசவத்துக்கு முன்னாடியே சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிடுங்கள் என்று சொன்னதை அவள் எழுதியிருந்தாள். அதற்குப் பதிலாகத்தான் மாமா அந்த வரியை எழுதினார். "எப்படியும் வந்துவிடுவேன். நானே உன்னை சேலத்துக்கு அழைத்துப்போகிறேன். வளைகாப்புக்கு அப்புறம் புருஷன் கூட இல்லாமல் ஆறு தாண்டக்கூடாது என்று அத்தை சொல்வார்களே, அதையும் காப்பாற்றிவிடுவோம். நான் வருகிற வரை ஆற்றைத் தாண்டாதே."

படித்த மனுஷர் எழுதுகிற எழுத்தா இது? எங்கள் ஊருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் ஒரு ஆறு. ஆறு என்று பேர்தான், மழைக்காலம் போனால் மாடு படுத்துக் கிடக்கும் மணல். அதன் மேல் ஒரு பாலம், பஸ்ஸில் கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும். வளைகாப்புக்கு முன்னால் அக்கா எத்தனையோ தடவை போய் வந்த பாலம்தான். வளையல் அடுக்கிய கையோடு அவள் அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு ஊர் எல்லையில் சுவர் எழுப்பிய மாதிரி ஆகிவிட்டது. டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினாள், போகவில்லை. சுகாதார நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். வழக்கம் சொன்ன அம்மாவே பயந்துபோய், "ஆறு இன்னாடி ஆறு, சாமிக்குக் காசு முடிஞ்சி வெச்சிட்டுப் போலாம் வா" என்று கெஞ்சினாள். அக்கா அசையவில்லை. "அங்க ஒரு மனுஷன் எனக்காவ முடி வளத்துக்கினு, வேலய வுட்டுட்டு, ஊரு சிரிக்க ஒக்காந்திருக்காரு. என்னால ஒரு ஆத்த தாண்டாம இருக்க முடியாதா? அவரு வரட்டும் பாப்பா" என்றாள். அவளுக்கு நான் எப்போதும் பாப்பாதான். நான் கத்தினேன், அழுதேன், பேச்சை நிறுத்திப் பார்த்தேன். அவள் கால் வீக்கம் கொலுசைக் கழற்ற முடியாத அளவுக்கு ஏறிவிட்டது.

கப்பல் கொழும்பில் நிற்கும் என்று மாமா சொல்லியிருந்த விலாசத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். மரியாதை எல்லாம் பார்க்கவில்லை. உங்கள் பெண்டாட்டி உங்கள் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளைப் போகச் சொல்லி நீங்களே எழுதுங்கள், நாங்கள் சொன்னால் கேட்கமாட்டாள், உங்கள் எழுத்து வந்தால்தான் எழுந்திருப்பாள் என்று எழுதிப் போட்டேன். அதற்கப்புறம் தினம் தபால் பையைக் கவிழ்த்ததும் முதலில் கொழும்பு ஸ்டாம்பைத்தான் தேடுவேன். பொறுக்கிப் பொறுக்கிப் பார்ப்பேன். வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கம் முற்றியது. எங்கள் ஆட்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நான் தபால் ஆபீஸில் உட்கார்ந்திருந்ததே எங்கள் தெருவுக்கு அதிசயம். ஒரு வாரம் சாலையை மறிப்பது என்று முடிவாகி, முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜனங்கள் அரிசி, மண்ணெண்ணெய் வாங்கி வைத்தார்கள். எங்கள் பெரியப்பா மகன், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவன், எங்கள் பகுதிக்கு முன்னே நின்றவன். அவனே வீட்டுக்கு வந்து, "தங்கச்சிய இப்பவே சேலத்துக்கு அனுப்பிடுங்க, அப்புறம் ஒரு வண்டி நகராது" என்று சொன்னான். அக்கா சிரித்துக்கொண்டே அவனுக்கு மோர் கொடுத்தாள். மாமா எந்த நிமிஷமும் வந்துவிடுவார் என்று அவனிடமும் சொன்னாள்.

அந்த வாரம் பிறந்தது. சாலையின் இரண்டு பக்கமும் குடை பிடித்த மாதிரி நின்ற புளிய மரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளினார்கள். விழுகிற சத்தம் ஆபீஸ் வரை கேட்டது. தந்திக் கம்பியும் மரத்தோடு போனது. பஸ் இல்லை, பை இல்லை. போஸ்ட்மாஸ்டர் அவர் பாட்டுக்குப் பழைய பேப்பரைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். நான் அரக்கு உடைக்கும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் மேஜையைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். வேறு ஊர்களில் போலீஸ் சுட்டுச் செத்தவர்கள் பற்றிச் சேதி வந்தது. எந்த வீட்டில் பார்த்தாலும் ஒப்பாரியும் ஆத்திரமும். என் கவலை எனக்கு, யாரிடம் போய்ச் சொல்ல? அண்ணன் மரத்தடியில் கொடியோடு நின்றான், ஆனால் மரம் அறுக்கிற வாளைத் தொடவில்லை. அவன் பெண்டாட்டியும் அப்போது ஆறு மாசம். மற்றவர்களை அறுக்கச் சொல்லிவிட்டு இவன் தள்ளி நின்றுகொண்டான்.

மறியலுக்கு நடுவில் ஒரு நாள் காலை, அக்கா தலை வெடிக்கிறது என்றாள். கண் மங்குகிறது, அடுப்பு இரண்டாகத் தெரிகிறது என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, வலிப்பு வந்து சமையல் கட்டில் விழுந்தாள். அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து ஆண்கள் தூக்கினார்கள். சாலைக்கு வந்தால் முதல் மரம். கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் கொடுத்தார்கள். கொஞ்ச தூரம் போனால் அடுத்தது. மறியல் செய்த ஆட்களே ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். ஒருத்தன் முகத்திலும் ரத்தம் இல்லை. ஒரு இடத்தில் பெரிய மரம், கிளையெல்லாம் பின்னிக் கிடந்தது, கட்டில் நுழையவில்லை. சுற்றிப்போகவும் வழியில்லை, பக்கத்தில் பள்ளம். அங்கே கோடாலி ஒன்று கிடந்தது. அண்ணன் ஒரு கணம் அதைப் பார்த்தான். அப்புறம் வேட்டியை மடித்துக்கட்டி எடுத்து வெட்ட ஆரம்பித்தான். "டேய், உன் பொண்டாட்டி..." என்று யாரோ சொன்னார்கள். "போடா" என்றான். வெட்டிக்கொண்டே அழுதான். இலையெல்லாம் அக்கா மேல் கொட்டியது.

பாலத்தின் வாயிலும் மரம் கிடந்ததால் ஆற்றுக்குள் இறங்கினோம். கட்டில் மணலில் இறங்கியதும் ஆட்களின் நடை மாறியது, சரக் சரக் என்று ஒரு சத்தம். அக்காவுக்கு அரைகுறையாக நினைவு வந்தது. என் கையைத் தேடிப் பிடித்தாள். "ஆறா பாப்பா?" என்றாள். "இல்லக்கா, ரோடுதான்" என்றேன். "அவரு வந்துட்டாரா?" என்றாள். "வந்துகினு இருக்காரு" என்றேன். அவள் என் கையை விடவில்லை, அதற்கப்புறம் பேசவும் இல்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தப் பிடி அப்படியே இருந்தது. டாக்டரம்மா பார்த்ததும் ஒரு கேள்வி கேட்கவில்லை, திட்டவில்லை. உள்ளே கொண்டுபோனாள். பொழுது சாய்வதற்குள் வெளியே வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றுப் பிள்ளை வெளியே வரவே இல்லை. தாயும் பிள்ளையும் ஒன்றாகப் போய்விட்டார்கள். அதே கட்டிலில், அதே மரங்களைத் தாண்டி, அதே ஆற்று வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாமா வந்தார். கப்பல் மதராஸில் நின்றதும் கிடைத்த ரயிலில் ஏறி, உளுந்தூர்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். வழி நெடுக மரத்தின் மேல் ஏறி, கீழே இறங்கி, ஏறி, இறங்கி. முழங்கால் சிராய்ந்து ரத்தம் காய்ந்திருந்தது. தாடி மார்பு வரை, தலைமுடி தோள் வரை. தெரு முனையில் பார்த்த பிள்ளைகள் பயந்து ஓடிவிட்டன. நான்தான் வாசலில் நின்றேன். தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். கிட்டே வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "சேலம் போய்ட்டாளா? லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டார். "எந்த லெட்டரு மாமா?" என்றேன். அந்தச் சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போனதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கருமாதி அன்று நாவிதர் வந்தார். ஆற்றங்கரையில் பலகை போட்டு மாமாவை உட்கார வைத்தார்கள். நான் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அந்த டப்பாவை எடுத்துப் போயிருந்தேன். எப்படியிருந்தாலும் இதால்தான் எடுப்பேன் என்றாரே என்று தோன்றியது. நாவிதர் கிண்ணத்தில் தண்ணீர் எடுக்கப் போனார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாங்க" என்றார். பெரியவர்கள் எடுத்துச் சொன்னார்கள், அதட்டினார்கள், சாத்திரம் பேசினார்கள். அவர் ஒருத்தரையும் பார்க்கவில்லை. ரொம்ப நிதானமாக, வகுப்பில் பாடம் சொல்லுகிற குரலில், "கொழந்த இன்னும் பொறக்கலைங்களே" என்றார். சுற்றி நின்ற ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

சாலை திறந்த பிறகு தேங்கிக் கிடந்த பைகள் மொத்தமாக வந்தன. அம்மா போகாதே என்று சொல்லியும் நான் ஆபீஸுக்குப் போனேன். இரண்டாவது பையைக் கவிழ்த்ததும் அது மேஜையில் விழுந்தது. கொழும்பு ஸ்டாம்ப், கோழிக் கிளறல் எழுத்து, அக்காவின் பேர். பழக்க தோஷம், கை தானாகத் தேதி முத்திரையைக் குத்திவிட்டது. குத்திய பிறகுதான் மேஜையில் தலையைக் கவிழ்த்தேன். விலாசதாரர் இறந்துவிட்டால் கடிதத்தின் மேல் அப்படி எழுதி அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். அனுப்பியவர் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பிரிக்கவில்லை. "ஆத்த தாண்டிப் போன்னு எழுதியிருந்தேன். நான் சொன்னதெல்லாம் தப்பு, எனக்காவக் காத்துக்கினு இருக்காத, இன்னிக்கே கெளம்புன்னு. தந்தியும் குடுத்தேன்" என்றார். தந்தி விழுப்புரத்தோடு நின்றிருந்தது. கடிதம் உளுந்தூர்பேட்டை வரை வந்து, ஒரு பஸ் தூரத்தில், மரத்துக்கு அந்தப் பக்கம் பையில் கிடந்திருக்கிறது. அவர் நடந்து வந்த வழியில் அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்.

மாமா கல்லூரி வேலையை விட்டுவிட்டுக் கல்வராயன் மலைக்கே போய்விட்டார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில், மலைக்காரர் ஒருவரின் தினைக் கொல்லை ஓரத்தில் குடிசை. பாட்டில்களை எல்லாம் கொட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு எறும்பைக் கூடக் கொன்றதில்லை. பார்த்ததை வரைவார், வரைந்ததை அடுக்கி வைப்பார், அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம். மலையில் யாராவது செத்தால் தள்ளி நிற்பார், தொடமாட்டார். விறகு கூட விழுந்த சுள்ளிதான். புதிதாக வருகிறவர்கள் தாடியைப் பார்த்துச் சாமியார் என்று காலில் விழுவார்கள், அவர் விலகிக்கொள்வார். சாமியாராவது மண்ணாவது! விரதம் பிடித்த ஒரு புருஷன், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு தடவை நான் போவேன். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். கம்பியில் தகைவிலான்கள் வந்து உட்கார்ந்திருந்தால் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

அண்ணன் அன்றைக்குக் கோடாலியைத் தொட்டானே, அவன் பெண்டாட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. பெண் குழந்தை, கொழுகொழுவென்று சுகப்பிரசவம். அந்தப் பெண் இன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் பேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறாள். கல்லாவில் உட்கார்ந்து அவள் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றும், அங்கேயே நின்று ஓவென்று கத்தவும் தோன்றும். மரம் வெட்டினால் ஒன்றும் ஆகாது. ஆறு தாண்டினால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒன்றுமே இல்லாத ஒன்றுக்காக என் அக்கா போனாள். இதை மாமாவிடம் ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் மலையேறும்போது நினைப்பேன். அவரைப் பார்த்ததும் கொண்டுபோன முறுக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன். அவருக்குத் தெரியாததா அது.

போன தை மாசம் மாமா போய்விட்டார் என்று சேதி வந்தது. நான் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாலை இப்போது அகலமாகிவிட்டது, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஆற்றுப் பாலம் வந்ததும் போனதும் தெரியவில்லை. பஸ்ஸில் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, இனிமேலாவது அந்தத் தாடியை இறக்கிவிட வேண்டும், மனுஷர் இவ்வளவு நாள் சுமந்தது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன். குடிசை முன்னால் மலை ஜனங்கள் கூடியிருந்தார்கள். வெள்ளைத் தாடி மார்பு முழுக்கப் பரவிக் கிடந்தது. கீழேயிருந்து வந்திருந்த நாவிதர் குளிப்பாட்டுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "சொந்தக்காரங்க நீங்கதானேம்மா? மொகத்த எடுத்துடலாங்களா?" என்று கேட்டார். நான் டப்பாவைத் திறந்தேன். அக்கா ஈரத்தோடு மூடிய பிரஷ், மயிர் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியே காய்ந்து கிடந்தது. நாவிதர் அதை எடுக்கக் கையை நீட்டினார். நான் மூடிவிட்டேன். வாழ்நாள் முழுக்க அந்த வழக்கத்தைத் திட்டிய என் வாய்தான் சொன்னது.

"வேணாங்க. கொழந்த இன்னும் பொறக்கல."